கணக்கு எங்களுக்கும் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்துப் புள்ளிவிவரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘எக்ஸ்பெக்டட் கோல்’ (ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பை எண்ணாகச் சொல்வது) என்றால் என்ன, நாலு பெனால்ட்டியில் ஏறக்குறைய மூன்று கோலாவதால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதையெல்லாம் நன்றாகவே விளக்கியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘வடசென்னைப் பையன்கள் உணர்ச்சியால் ஆடுகிறவர்கள், அவர்களுக்குக் கணக்கு ஒத்துவராது.’ அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

நான் துறைமுகத்தில் 31 வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணுவதுதான் வேலை. சாயங்காலம் வியாசர்பாடி கிரவுண்டில் உட்கார்ந்து அதே பென்சிலால் எங்கள் பையன்களின் ஆட்டத்தை எழுதுவேன். எந்த இடத்திலிருந்து அடித்தான், எந்தக் காலால், பந்து எங்கே போனது. பதினெட்டு நோட்டுகள் பரணில் இருக்கின்றன.

இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் அணி ஆடிய ஆட்டத்தில் இப்படித்தான் நோட்டும் பென்சிலுமாக ஆரம்பித்தார். அவரும் கணக்காளர், விமானப்படைக்காரர். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன என்று கண்டு, பந்தைச் சீக்கிரம் முன்னால் தூக்கி அடிக்கச் சொன்னார். ஆனால் ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் மூன்று பாஸுக்குள் பந்து பறிபோய்விடுகிறது, அப்புறம் கோலும் அதில்தானே அதிகம் வரும்? கிழிந்த மூட்டையை மட்டும் எழுதி, மொத்தம் எத்தனை இறங்கியது என்று எழுதாத சீட்டில் எங்கள் சூப்பர்வைசர் கையெழுத்தே போடமாட்டார்.

கோலுக்கு முன்னால் நின்று தடுத்தாடும் எங்கள் ஸ்டாப்பர் பையன் ஒருவனை ஒரு செலக்‌ஷனில் ‘ஒன்றுமே செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். என் நோட்டிலும் அவன் பக்கம் காலிதான். ஆனால் எதிரணிக்கு எழுதிய பக்கத்தில், அவன் நின்ற இடது பக்கத்திலிருந்து ஒரு ஷாட்கூட இல்லை. பந்து வர வழியில்லாமல் அவன் முன்கூட்டியே போய் நின்றான். நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். ‘என்ன பெரியவரே, மளிகைக் கணக்கா?’ என்றார் ஒருவர். திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பையன் இப்போது பார்சல் வண்டி ஓட்டுகிறான். உணர்ச்சியால் ஆடியவன் இல்லை அவன், ஐயா.

உங்கள் பத்திரிகையும் வருத்தப்பட வைக்கிறது. எங்கள் பகுதியைக் ‘குட்டி பிரேசில்’ என்று படத்தோடு போடுவீர்கள். ஆட்டம் நடந்தால் ‘1-0 என வென்றது’ என்று இரண்டு வரி. கோல் போட்டவன் பெயர் இருக்காது, இருந்தால் இனிஷியல் தப்பாக இருக்கும். இங்கிலாந்து லீக்கில் 83-ஆவது நிமிடத்தில் மாற்று வீரர் இறங்கியதுவரை அச்சாகிறது. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் 7-1 என்று தோற்ற பிரேசில்தான் ஜெர்மனியைவிட அதிக ஷாட் அடித்த அணி. 29 நிமிடத்துக்குள் ஐந்து கோல் விழுந்துவிட்டது என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணிக்கையை வைத்து என்ன புரியும்? நேரத்தையே எழுதாமல் விட்டுவிட்டு, எங்களுக்குக் கணக்கு வராது என்கிறீர்கள்.

சென்னை லீக் முடிவுகளில் கோல் போட்டவர் முழுப்பெயரும் நிமிடமும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான். கட்டுரையாளர் வருவதாக இருந்தால் நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேலி கிளார்க்,
வியாசர்பாடி.