கடையில் அடிக்கிற அடியும் வெயிலில் அடிக்கிற அடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கோல்ஃப் டிரைவர், அதாவது பந்தை ஆகத் தூரம் அடிக்கிற நீள மட்டை, வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் கோல்ஃபுக்கு அரைப்பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் டிரைவரின் தலை '460 மில்லிமீட்டர்' என்று அச்சாகியிருக்கிறது. அப்படி ஒரு தலை இருந்தால் அதைத் தூக்கவே ஆள் வைக்க வேண்டும். 460 என்பது சிசி, தலையின் கன அளவு. பைக் இன்ஜினுக்குச் சொல்கிறோமே, அதே கணக்கு. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைவிட 40 மில்லி குறைவு. அதற்கு மேல் போகக்கூடாது என்பது 2004 முதல் இருக்கும் விதி.

இதை மட்டும் எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். 'புது மாடலுக்கு மாறினால் 20 கஜம் கூடுதலாகப் போகும்' என்ற கடைசி வரிதான் கடிதத்தை நீட்டிவிட்டது. அந்த 20 கஜத்தை நம்பி 52,000 ரூபாய் கொடுத்தவன் நான்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்கூடத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வயது 66. வீடு சைதாப்பேட்டை, நந்தனம் கோல்ஃப் மைதானம் நடக்கிற தூரம். ஒரு மேலதிகாரி வற்புறுத்தி 53 வயதில் மட்டையைக் கையில் கொடுத்தார், அன்றிலிருந்து விடவில்லை. டிரைவர் வாங்கப் போகிறேன் என்றதும் என் மைத்துனன், "முதல்ல காரை வாங்குங்க மாமா, அப்புறம் டிரைவரைப் பார்க்கலாம்" என்றான். அவன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

கடையில் ஏசி குளிர, வலைக்குள் இருபது பந்து அடிக்கச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற பையன் ஒவ்வொரு அடிக்கும் "சூப்பர் சார்" என்றான். திரையில் எண்கள் ஓடின. பார்க்க ஆள் இருந்தால் எந்தக் கிழவனும் பலங்கொண்ட மட்டும் வீசுவான், நானும் வீசினேன். அதில் ஆக அதிகமாக வந்த வேகத்தை வைத்து 9 டிகிரி லாஃப்ட் (பந்து படும் முகத்தின் சாய்வு), ஸ்டிஃப் ஷாஃப்ட் (அதிகம் வளையாத குச்சி), 46 அங்குல நீளம் என்று ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். போட்டிகளில் உள்ளூர் விதியாக 2022 முதல் கொண்டுவரக்கூடிய நீள வரம்பே 46 அங்குலம்தான். தொலைக்காட்சியில் வரும் வீரர்களில் பெரும்பாலோர் 45 அங்குலத்தை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு எதற்கு 46?

மே மாதம் காலை ஒன்பது மணிக்கு, பதினாலாவது குழியில், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வருகிற அடி வேறு. அதுதான் என் அடி. அந்த அடிக்கு அந்த மட்டை சரிப்படவில்லை. நேராகப் போனால் 150 கஜம், ஆனால் நேராகப் போனால்தானே. பாதிக்கு மேல் வலதுபக்க மரங்களுக்குள் போய் விழுந்தது.

ஆறு மாதம் பந்தைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், என் இடுப்பைத் திட்டினேன். கடைசியில் எனக்கு வழக்கமாகப் பை தூக்கும் கேடிதான் நோயைக் கண்டுபிடித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், சிறுவனாக இருந்தபோதே மைதானத்துக்கு வந்தவர். ஒருநாள் பயிற்சித் தளத்தில் முகப்பவுடர் டப்பாவை எடுத்து டிரைவரின் முகத்தில் மெல்லிசாகத் தட்டினார். "பத்து பந்து அடிங்க சார்." ஒவ்வொரு அடிக்கும் பவுடரில் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரிந்தது. பத்தில் ஏழு வட்டம் குச்சிப் பக்கமாக, கீழே. நடுவில் ஒன்றே ஒன்று. "சார், குச்சி உங்களுக்கு நீட்டு. ரெண்டு விரக்கடை கீழ புடிச்சு அடிங்க." அடித்தேன். வட்டங்கள் நடுவை நோக்கி நகர்ந்தன. (சுற்று ஆடும்போது இப்படி எதையும் பூசக்கூடாது, விதிமீறல். பயிற்சியில் தடையில்லை.)

ரயில் பெட்டி செய்த கைக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். 200 கிராம் எடையுள்ள தலையை நீளக் குச்சியின் நுனியில் வைத்துச் சுற்றினால் வேகம் ஏறும், வாஸ்தவம். ஆனால் நடுமுகத்தில் பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பது அவ்வளவுக்குக் கடினம். நடுவில் சரியாகப் பட்டால் பந்து புறப்படும் வேகம் மட்டையின் வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓரத்தில் பட்டால் நீளத்தால் கிடைத்த வேகம் அங்கேயே போய்விடும், திசையும் கெடும்.

அடுத்தது லாஃப்ட் என்கிற அந்தச் சாய்வு. இங்கேதான் நம்மவர்களுக்கு வீம்பு. 9 டிகிரி என்றால் ஆம்பிளை மட்டை, 12 டிகிரி என்றால் பெண்களுக்கும் கிழவர்களுக்கும் என்று ஒரு நினைப்பு. பிறகு ஒரு பயிற்சியாளரிடம் சாதாரணமாக வீசி அளந்து பார்த்தபோது என் வேகம் மணிக்கு 82 மைல். அமெரிக்கத் தொழில்முறை வீரர்களின் சராசரி 115 மைல் அளவில் இருக்கும். 82 மைலில் வீசுகிறவன் 9 டிகிரியில் அடித்தால் பந்து மேலே ஏறுவதற்குள் இறங்கிவிடும். சாய்வைக் கூட்டினால் பந்து உயரே போய்க் கூடுதல் நேரம் காற்றில் நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. சாய்வு அதிகமானால் பின்சுழற்சி கூடும், பக்கவாட்டில் வளைவது குறையும். வலதுபக்கம் ஓடுகிற பந்துக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. கழுத்தில் திருகித் திருப்பும் வசதியுள்ள டிரைவர் என்றால் லாஃப்டைக் கூட்டும்போது முகமும் கொஞ்சம் இடதுபுறம் மூடும். அதுவும் நமக்குச் சாதகம்.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு நண்பர் ஆடிவிட்டுக் கொடுத்த பழைய டிரைவர், 14,000 ரூபாய். 12 டிகிரி, சீனியர் ஷாஃப்ட் (வளைந்து கொடுக்கிற குச்சி), 44.5 அங்குலமாக வெட்டியது. வெட்டியதும் தலை எடை தெரியாமல் கை காற்றில் வீசுவது போல இருந்தது, அடியில் ஈயப்பட்டை ஒட்டிச் சரிசெய்தேன். கிரிப்பையும் நூல் பின்னியதாக மாற்றினேன். சென்னை வியர்வைக்கு வழவழப்பான ரப்பர் கிரிப் நிற்காது. இன்று 175 கஜம் போகிறது, கண்ணில் படுகிற இடத்திலேயே விழுகிறது.

உதகையில் டிரைவரைச் சோதித்துவிட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 7,000 அடி உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் பந்து ஏழெட்டு சதவீதம் கூடுதலாகவே போகும். அது மலை கொடுத்த கஜம். நந்தனத்துக்கு இறங்கி வந்தால் கூடவே வராது.

நடிகர் படமும் விலையும் பெரிதாகப் போட்டு 'எது லேட்டஸ்ட்' என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் தலைமுறைக்கு முந்தியவர்கள் பெர்சிமன் மரத்தலையில் ஆடினார்கள். நம் கருங்காலியும் பெர்சிமனும் ஒரே பேரினம் என்பது பலருக்குத் தெரியாது. 1979-ல் டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையோடு வந்தது, 1991-ல் வந்த காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா டிரைவர் 190 சிசி, அன்று அதுவே பூதம். பிறகு டைட்டானியம். அந்த மாற்றங்கள் உண்மையான மாற்றங்கள். ஆனால் சிசிக்கும் விதி வரம்பு, முகம் பந்தைத் தள்ளும் துள்ளலுக்கும் விதி வரம்பு என்று வந்த பிறகு, போன வருட மாடலுக்கும் இந்த வருட மாடலுக்கும் நடுவே 20 கஜம் எங்கிருந்து வரும்? என்னைப் போன்றவனுக்கு வித்தியாசம் செய்வது லாஃப்ட், நீளம், ஷாஃப்ட். மூன்றையும் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

அடுத்த இணைப்பிதழில் 460 சிசி என்று திருத்தம் வெளியிடவும். முடிந்தால் உங்கள் நிருபரை ஒரு காலை நந்தனத்துக்கு அனுப்பிக் கேடிகளிடம் பேசச் சொல்லவும். பவுடர் டப்பா நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளி,
சைதாப்பேட்டை, சென்னை - 15.