பெட்ரோல் ஹோஸைக் கழட்டிப் பாக்கச் சொன்ன குறிப்பைத் திருத்திப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார வாகனப் பக்கத்துல, கார் ஸ்டார்ட் ஆகலன்னா வீட்டுலயே என்னென்ன பாக்கலாம்னு ஒரு குறிப்பு வந்திருந்துச்சு. வீட்டுலயே பாக்கணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது, நானும் என் வண்டிய அப்படித்தான் பாத்துக்கிறேன், எல்லாரும் பாக்கணும்னுதான் ஆசையும். ஆனா இன்ஜினுக்கு பெட்ரோல் வர்ற ஹோஸைக் கழட்டி ஒரு டப்பாக்குள்ள விட்டு சாவியப் போடுங்க, பெட்ரோல் பீச்சி அடிச்சா பம்ப் நல்லா இருக்குன்னு அர்த்தம்னு அதுல எழுதியிருந்ததே, அத மட்டும் தயவுசெஞ்சு திருத்திப் போடுங்க. அது ஆபத்துங்கிறது ஒரு பக்கம், அந்த டெஸ்ட்ல வர்ற பதிலே தப்பு.

முதல்ல ஆபத்து. கார்புரேட்டர் வண்டி காலத்துல லைன்ல இருந்த பிரஷர் ரொம்பக் கம்மி, அப்போ இப்படிக் கழட்டிப் பாத்துட்டிருந்தாங்க, அந்தப் பழக்கம்தான் இன்னும் ஓடிட்டிருக்கு. இப்ப இருக்கிற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல சாதாரணமாவே 3, 4 பார் பிரஷர் இருக்கும், இன்ஜினை ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் அது லைனுக்குள்ளயே நிக்கும். கிளிப்பைக் கழட்டுன உடனே மூஞ்சில அடிக்கும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், மேல போகாது, தரையோட தரையா பரவும், பேட்டரி டெர்மினல்ல ஒரு சின்னப் பொறி பறந்தா போதும். டீசல் காமன் ரெயில் (டீசலை ஒரே குழாய்ல பிரஷரோட தேக்கி வச்சு எல்லா சிலிண்டருக்கும் பிரிச்சு விடுற வகை) வண்டின்னா பேச்சே வேற, அங்க பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல போகும். இன்ஜின் ஓடும்போது ஊசி முனை அளவு ஓட்டை வழியா வர்ற டீசல் கூட தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய பாத்தா சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆரம்பத்துல வலி கூட பெருசா இருக்காது, ஆனா உடனே ஆபரேஷன் பண்ணலன்னா விரலையே எடுக்க வேண்டி வரலாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிலயும் (பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கிற வகை) இன்ஜின் மேல இருக்கிற ஹை பிரஷர் பைப்பு இதே கதைதான். இந்த ரெண்டு வகைலயும் அந்தப் பக்கம் வீட்டுல யாருமே ஸ்பேனர் வைக்கக் கூடாது, உங்க குறிப்புல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

இப்ப டெஸ்ட் ஏன் தப்புன்னு சொல்றேன். திறந்து கிடக்கிற ஹோஸ்ல தடையே கிடையாது, அதனால பாதி செத்துப்போன பம்ப் கூட அங்க நல்லா பீச்சும். இன்ஜெக்டர், அதாவது இன்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுற முனை, ஒவ்வொரு தடவையும் சில மில்லி செகண்ட் மட்டும்தான் திறக்குது, அந்த நேரத்தை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) கணக்குப் போடுறதே லைன்ல இவ்வளவு பிரஷர் இருக்குன்னு நம்பித்தான். பிரஷர் குறைஞ்சா அதே நேரத்துல கம்மி பெட்ரோல்தான் இறங்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் கூட அழகா நிக்கும், ஆனா மேடு ஏறும்போதும் ஓவர்டேக் பண்ணும்போதும் இழுக்காது, திக்கும். ஹோஸைக் கழட்டிப் பாத்தவர் பம்ப் நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணிட்டு பிளக், காயில், சென்சார்னு ஒவ்வொண்ணா மாத்திட்டு இருப்பார்.

இதுக்கு பதிலா எதையும் கழட்டாமலே தெரிஞ்சுக்க வழி நிறைய இருக்கு. சாவிய ஆன் பொசிஷன்ல மட்டும் வைங்க, செல்ஃப் அடிக்காதீங்க, பின் சீட்டு பக்கம் காதை வச்சா பெரும்பாலான வண்டிகள்ல ரெண்டு செகண்ட் மாதிரி ஒரு ரீங்காரம் கேட்டு நிக்கும், அதுதான் டேங்க்குக்குள்ள இருக்கிற பம்ப். (சில வண்டில டிரைவர் கதவைத் திறந்த உடனேயே பம்ப் ஓடி முடிச்சிடும், அதனால சத்தம் வரலன்னு அவசரப்பட்டு முடிவு பண்ண வேண்டாம்.) சத்தமே இல்லன்னா ஃபியூஸ் பாருங்க, அதே நம்பர் போட்ட வேற ரிலேவைக் கழட்டி பம்ப் ரிலே இடத்துல மாட்டிப் பாருங்க, சில வண்டில இடி வாங்குனா பம்ப்பை கட் பண்ற ஸ்விட்ச் ஒண்ணு இருக்கும், பெரிய பள்ளத்துல இறங்குனா கூட அது விழுந்திடும், அதையும் பாருங்க. அப்புறமும் பம்ப்தான்னு தோணுச்சுன்னா புது பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி கனெக்டர்ல மல்டிமீட்டர் வச்சு பம்ப்புக்கு கரன்ட் போற நேரத்துல வோல்டேஜ் எவ்வளவுன்னு பாக்கணும், பேட்டரி வோல்டேஜை விட நல்லா கம்மியா இருந்தா குத்தம் வயர்லயோ எர்த்லயோதான், பம்ப்ல இல்ல. புது வண்டிகள்ல பம்ப்புக்கு தனி கன்ட்ரோல் மாட்யூல் இருந்தா மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

காலைல ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாதான் ஸ்டார்ட் ஆகுதா? இதுக்கு டூல்ஸே வேண்டாம். சாவிய ஆன் பண்ணி ரெண்டு செகண்ட் விட்டு ஆஃப் பண்ணுங்க, இப்படி ரெண்டு மூணு தடவ பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிச்சுக்கிச்சுன்னா ராத்திரி லைன்ல இருந்த பிரஷர் இறங்கிப்போகுதுன்னு அர்த்தம். பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பிப் போகாம தடுக்க பம்ப்புக்குள்ள இருக்கிற செக் வால்வா இருக்கலாம், சொட்டுற இன்ஜெக்டரா இருக்கலாம், லைன் பிரஷரைச் சீரா வைக்கிற ரெகுலேட்டராவும் இருக்கலாம். ஸ்டார்ட் ஆகும்போது சைலன்சர்ல கருப்பு புகையும் பெட்ரோல் வாசமும் வந்தா இன்ஜெக்டர் மேல சந்தேகம் வைங்க. வேக்குவம் ஹோஸ் போற ரெகுலேட்டரா இருந்தா இன்ஜின் ஆறுனதுக்கு அப்புறம் அந்தச் சின்ன ஹோஸை மட்டும் உருவிப் பாருங்க, அதுக்குள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா ரெகுலேட்டருக்குள்ள இருக்கிற டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிஞ்சிருக்கு. இதுவே பெட்ரோல் ஃபுல்லா அடிச்சுட்டு வந்த உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணுச்சுன்னா பம்ப்பை விட்டுடுங்க, அது பெரும்பாலும் மூடாம நிக்கிற பர்ஜ் வால்வு, அதாவது டேங்க்ல சேர்ற பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுற வால்வு. பங்க்ல நாசில் கட் ஆனதுக்கு அப்புறமும் கழுத்து வரைக்கும் ரொப்புறதால ஆவியைப் பிடிச்சு வைக்கிற, ஆவி மட்டும் போக வேண்டிய கேனிஸ்டருக்குள்ள பெட்ரோலே போயிடுறதும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபியூவல் டிரிம், அதாவது இசியு தன் கணக்குல இருந்து பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது (பிளஸ்), குறைக்குது (மைனஸ்) அப்படிங்கிற நம்பர். உங்க குறிப்புல அந்தப் பேச்சே வராதது பெரிய வருத்தம். வண்டியோட கோளாறைப் படிக்கிறதுக்குன்னு இருக்கிற ஓபிடி சாக்கெட்ல செருகுற சின்ன ஸ்கேனர் ஒண்ணும் கைல ஒரு போனும் போதும். பி0171 அப்படின்னு கோட் வந்தா காத்து அதிகம் பெட்ரோல் கம்மின்னு அர்த்தம், அவ்வளவுதான், எதை மாத்தணும்னு அது சொல்லாது. நிறைய பேர் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாத்துறாங்க, பாவம் அது உள்ளத உள்ளபடி சொல்லிட்டிருக்கும். இன்ஜின் சூடானதுக்கு அப்புறம் ஷார்ட் டேர்ம் (அந்த நேரத்துத் திருத்தம்), லாங் டேர்ம் (பழகி நின்ன திருத்தம்) ரெண்டு டிரிமையும் கூட்டிப் பாருங்க, ஜீரோவுக்கு அஞ்சு மேல கீழ இருந்தா கவலை இல்ல. ஐடிலிங்ல பிளஸ் 18 காட்டுது, ஆக்ஸிலேட்டரை மெதுவா மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல நிறுத்துனா பிளஸ் 4க்கு இறங்கிடுதுன்னு வைங்க, எங்கயோ வேக்குவம் லீக் (அளவுல வராத காத்து இன்ஜினுக்குள்ள நுழையுற ஓட்டை) இருக்கு, பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். அதுவே ஐடிலிங்ல ஒழுங்கா இருந்து லோடு ஏற ஏற பிளஸ் 15, 20ன்னு போச்சுன்னா பெட்ரோல் பத்தல, இல்லன்னா காத்தை அளக்குற மாஃப் சென்சார் அழுக்காகி காத்தைக் கம்மியா சொல்லுது. இந்த ரெண்டுல எதுன்னு பிரிக்கத்தான் பிரஷர் கேஜ். இன்ஜெக்டருக்கெல்லாம் பெட்ரோலைப் பிரிச்சு விடுற ரெயில் குழாய்ல டயர் வால்வு மாதிரி டெஸ்ட் போர்ட் இருக்கிற வண்டின்னா கேஜை மாட்டலாம், அதுவும் இன்ஜின் ஆறுனதுக்கு அப்புறம், திறந்த இடத்துல, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பக்கத்துல தீயணைப்பான் வச்சுக்கிட்டு. முள்ளு எவ்வளவுல நிக்கணும்ங்கிறத அந்த வண்டியோட மேனுவல்ல பாத்துக்கணும். போர்ட் இல்லாத வண்டியா, அத்தோட நிறுத்திட்டு ஸ்கேனர்ல வந்த நம்பரை எழுதி எடுத்துட்டு மெக்கானிக்கிட்ட போங்க, அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

பத்திரிகைல அச்சுல வந்தா அது சரியாத்தான் இருக்கும்னு நம்பி செஞ்சு பாக்குறவங்க நிறைய. அதனால அடுத்த வாரமே அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, ஹோஸைக் கழட்ட வேண்டாம்னும் டீசல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல ஹை பிரஷர் லைனைத் தொடவே கூடாதுன்னும் போட்டுடுங்க. இடம் இருந்தா ஃபியூவல் டிரிம் பத்தி விவரம் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கை வச்சு தனியா ஒரு கட்டுரையே போடலாம்.

இப்படிக்கு,
உங்க வாகனப் பக்கத்தை விடாம படிக்கிற வாசகர்