நோன்புக் கஞ்சி தந்த உம்மாவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள காத்தான்குடி உறவுகளுக்கு,

ஏப்ரல் 21 மூன்றாம் ஆண்டு நினைவுக்காக வைத்த இரத்ததானம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. சீயோன் தேவாலயத்தில் 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்து எங்கள் பிள்ளைகள் செத்ததை மட்டக்களப்பில் எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குண்டுவெடிப்பை நடத்திய கூட்டத்தின் தலைவனைப் பற்றி முன்பே முறைப்பாடு கொடுத்தவர்களும் காத்தான்குடி முஸ்லிம்களே. அதை மறந்தவர்களுக்காக இங்கே ஒருமுறை எழுதி வைக்கிறோம்.

முகாம் காலை 9 முதல் 2 மணிவரை என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். இது நோன்பு காலம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு உம்மா ஆள் அனுப்பி, தங்கள் பிள்ளைகளும் கொடுக்க ஆசைப்படுகிறார்கள், மஃரிபுக்கு, அதாவது நோன்பு துறக்கும் மாலைத் தொழுகைக்குப் பிறகும் கொஞ்ச நேரம் வையுங்கள் என்று கேட்டார். நியாயமான பேச்சு. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பில் நரம்பு ஒடுங்கிக் கிடக்கும், இரத்தம் மெல்ல மெல்லத்தான் வரும். 450 மில்லிலீற்றர் பையில் உறையாமல் காக்கும் கரைசல் 63 மில்லிலீற்றர் முன்கூட்டியே இருக்கிறது. பை பாதியில் நின்றால் அந்த அளவு பொருந்தாது, கொடுத்த இரத்தம் வீணாகிவிடும். கொடுத்தவரும் எழும்போது மயங்கி விழக்கூடும். நோன்பு துறந்து, வயிறாரச் சாப்பிட்டு, அரை லீற்றர் தண்ணீர் குடித்து, ஒரு மணிநேரம் இருந்துவிட்டு வந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். அதனால் இரவு 7.30க்கு மறுபடி தொடங்கினோம்.

உம்மா அதோடு நிற்கவில்லை. இரத்தம் கொடுத்தவர்களுக்கென்று கஞ்சியும் அனுப்பினார். கேஸ் இல்லாத நாட்கள், விறகடுப்பில்தான் காய்ச்சியிருக்கிறார். இரண்டு கிலோ பச்சரிசி, பதினாறு லீற்றர் தண்ணீர், வெந்தயம், உள்ளி, இஞ்சி. தேங்காய்ப்பாலைக் கடைசியில் விட்டு உடனே இறக்கியிருக்கிறார், கொதிக்க விட்டால் திரிந்துபோகும். இறைச்சி போடவில்லை. பிள்ளையை இழந்த வீட்டார் எதைச் சாப்பிடுவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று முதல்நாளே விசாரித்துக்கொண்டாராம். கஞ்சி ஆறினால் இறுகும் என்று ஒரு பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீரும் கூடவே வந்தது. இரத்தம் கொடுத்த உடம்புக்கு உப்பும் நீரும்தான் முதலில் வேண்டும், பிஸ்கட்டும் சோடாவும் அந்தக் கஞ்சிக்குக் கிட்டவும் வராது. அந்தச் சுடுதண்ணீர் பிளாஸ்க்கைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை.

மின்வெட்டு நேரத்துக்கு மின்பிறப்பாக்கி தந்தவர், இரவு வெகுநேரம் இருந்த இரத்த வங்கித் தாதிமார், கதிரை சுமந்த கோயில் இளைஞர், வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து வரவேற்ற தாய்தகப்பன்மார் எல்லோருக்கும் நன்றி.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போலக் கலந்து வாழ்கிறவர்கள் என்று இந்த மண்ணில் சொல்வோம். 2019 மே மாதம் வடமேற்கில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அதைச் சொல்ல நா எழவில்லை. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை, பச்சைக் குழந்தையைக்கூட, குடும்பத்தார் சம்மதமின்றி எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது. எங்கள் பிள்ளைகளின் பெயரால் இதையெல்லாம் நியாயப்படுத்தியவர்களும் உண்டு. அந்தப் பெயர்களை அதற்குக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. கும்பிட வந்த இடத்தில் செத்த பிள்ளைகள் அவர்கள். இன்னொருவர் தொழும் இடத்தைப் பறிக்க அவர்களைச் சாட்சிக்கு இழுக்க விடமாட்டோம்.

அடுத்த ஆண்டு நோட்டீஸ் அடிக்குமுன் நோன்பு அட்டவணையைப் பார்ப்போம். அதற்கு முன்பாக ஓகஸ்ட் 3 வருகிறது. 1990இல் இஷா எனும் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் சுட்டுக்கொல்லப்பட்ட நாள். அன்று நாங்கள் வருகிறோம். என்ன கொண்டுவரலாம், எங்கே நிற்கலாம் என்று உம்மாவே சொல்லி அனுப்பட்டும்.