எது பழுக்கும், எது பழுக்காது

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்ட்ராபெர்ரியை ஜன்னலோரம் வைத்துக் காத்திருந்தும் இனிக்கவில்லை, வாழைப்பழம் ஃபிரிட்ஜில் கறுத்துப்போனது என்று போனில் புலம்பினாய். இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறாய். விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சில பழங்கள் பறித்த பிறகும் பழுக்கும். மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, சீத்தா எல்லாம் அப்படித்தான். உங்கள் ஊர்க் கடைகளில் இருக்கும் பேரிக்காய், கிவி, அவகாடோவும் இந்த ரகம்தான். இவற்றைக் காயாக வாங்கினாலும் கவலையில்லை. வாழைக்காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிவிடும். இந்தப் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவையும் விடும். அதனால் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு அவகாடோவைக் காகிதப் பையில் போட்டு மடித்து வை, சீக்கிரம் பழுத்துவிடும். பாட்டி மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்ததும் இதற்குத்தான், வாயு வெளியே போகாது. வாழையை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதே. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும்.

திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி இதெல்லாம் வேறு. பறித்த அன்று என்ன இனிப்போ அதுதான், அப்புறம் எத்தனை நாள் வைத்தாலும் வாடுமே தவிர இனிக்காது. காம்போரம் வெள்ளையாக இருக்கிற ஸ்ட்ராபெர்ரியைத் தொடாதே. ஆரஞ்சைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடு. திராட்சை மேல் சாம்பல் பூத்தது போல் இருப்பதை மருந்து என்று நினைத்து ஒதுக்காதே, அது பழத்தின் சொந்த மெழுகு. அது கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று அர்த்தம்.

இங்கே கோயம்பேட்டில் மாம்பழம் மலிந்து கிடக்கிறது. நிறத்தைப் பார்த்து மயங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் அந்த வேலை இன்னும் முழுசாக நின்றபாடில்லை. வெளியே ஒரே சீராக மஞ்சள், அறுத்தால் உள்ளே புளிப்பு, வாசனையே இருக்காது. இமாம் பசந்தோ பழுத்தும் பச்சையாகவே இருக்கும். காம்பருகே மூக்கை வைத்தால்தான் தெரியும். நான் எடுப்பது அதைத்தான். உன் அம்மாவுக்கு எப்போதும் பங்கனப்பள்ளிதான், நார் இல்லாமல் துண்டு போட வருமாம். இந்த விஷயத்தில் எங்களுக்குள் சமாதானம் கிடையாது.

சப்போட்டா கிடைத்தால் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் முற்றாத காய், பழுத்தாலும் துவர்க்கும். மஞ்சளாக இருந்தால் தாராளமாக வாங்கு.

அங்கே விற்கும் மாம்பழம் எந்த நாட்டிலிருந்து வருகிறது? பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா