எண்ணிக்கையை முந்திச் சொல்லாதீர்கள்: இயக்கங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக மாற்றத்துக்காகப் பாடுபடும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். "மக்கள் அனைவரும் எங்கள் பக்கமே" என்ற வாசகம் உங்கள் துண்டறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆதரவு திரளும் முன்பே அப்படி அறிவித்துவிடுவது நல்ல உத்தி என்று நீங்கள் கருதுகிறீர்கள் போலும். ஒரு கருத்தை ஏற்ற பலரின் செல்வாக்கும் சிலரின் செல்வாக்கும் வெவ்வேறு வழிகளில் வேலை செய்பவை. சிலராக இருக்கும்போது பலரைப்போல் நடித்தால் இரண்டுமே கைநழுவிப்போகும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பலரின் பலம் சாதாரணமானதல்ல. 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், காட்டப்பட்ட கோட்டுக்குச் சம நீளமுள்ள கோடு எது என்று மட்டுமே கேட்கப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் விடை தெரிந்துவிடும். ஆனாலும், முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைச் சுட்டியபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒருமுறையேனும் அதை வழிமொழிந்தார்கள். இதுவரை பலரும் அறிந்ததே. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்த இணக்கம் பெரும்பாலும் கரைந்துபோனது என்பதும், விடையைத் தனியே எழுதித்தரச் சொன்னபோது வெகுவாகக் குறைந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாய் ஒப்புக்கொண்டதே தவிர, மனம் ஒப்பவில்லை.

சிலரின் செல்வாக்கு இதற்கு நேர்மாறானது. 1969இல் உளவியலாளர் செர்ஜ் மொஸ்கோவிசியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆறு பேர் கொண்ட குழுவுக்கு 36 நீலப் படவில்லைகள் (ஸ்லைடுகள்) காட்டப்பட்டு, அவற்றின் நிறம் கேட்கப்பட்டது. ஆய்வாளர் அனுப்பிய இருவர் எல்லாவற்றையும் பச்சை என்றே சொன்னபோது, மற்ற நால்வரின் விடைகளில் 8.42 விழுக்காடு பச்சை என்று வந்தது. அதே இருவர் 24 வில்லைகளைப் பச்சை என்றும் 12ஐ நீலம் என்றும் மாற்றிச் சொன்னபோது அது 1.25 விழுக்காடாகச் சுருங்கியது. எட்டு விழுக்காடு அற்பமாகத் தெரியலாம். ஆனால் பிறகு தனியே நடத்திய நிறச் சோதனையில், வாய்திறந்து பச்சை என்று சொல்லாதவர்களிடத்திலும் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலான எல்லை நகர்ந்திருந்தது. அந்த மாற்றம் கைதூக்கும்போது தெரியாது. (இரண்டு சோதனைகளிலும் செல்வாக்குப் பெற்றது பொய்தான் என்பதையும் மறந்துவிட வேண்டாம், உறுதியாகச் சொல்லப்படுவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.)

வரலாற்றிலும் இதைக் காணலாம். 1787இல் இலண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்கக் குழு அமைத்தவர்கள் பன்னிரண்டே பேர். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர்கள் என்ற சிறிய கிறித்தவப் பிரிவினர். நாடே தங்களோடு நிற்பதாக அவர்கள் மார்தட்டவில்லை. அக்குழுவைச் சேர்ந்த தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகச் சென்று, கடைகளில் விற்கப்பட்ட கைவிலங்குகளையும் விரல்களை நசுக்கும் திருகாணிக் கருவிகளையும் வாங்கிவந்து காட்டினார்; அடிமைக் கப்பலொன்றின் தளத்தில் மனிதர்கள் சரக்குபோல் நெருக்கி அடுக்கப்பட்டதைக் காட்டும் வரைபடம் அச்சாகி வீடுகளின் சுவர்களில் தொங்கியது. கொள்கையில் இம்மியும் பிசகாத அதே குழு, கோரிக்கையில் வளைந்துகொடுக்கவும் செய்தது: அடிமைமுறை முழுவதையும் ஒரே மூச்சில் ஒழிக்கக் கேட்காமல், முதலில் வணிகத்தை நிறுத்தச் சொன்னது. 1807இல் அந்தத் தடைச் சட்டம் வந்தது. பிரித்தானியப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் நிறைவேறியது. பிடிவாதத்தையே கொள்கையுறுதி என்று எண்ணும் நண்பர்கள் இந்த இருபத்தாறு ஆண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கருத்து உண்மையிலேயே பெரும்பான்மையை எட்டியபின் நிலைமை மாறுகிறது. தயங்கி நின்றவர்கள் ஊரோடு ஒத்துப்போகிறார்கள், சட்டம் வருகிறது, மீறுவது வெட்கத்துக்குரியதாகிறது. இந்தக் கட்டத்தில் எண்ணிக்கையைச் சொல்வது பயன்தரும். ஆனால் எந்த எண்ணிக்கை என்பதில் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அக்கம்பக்கத்தாரின் சராசரி மின்பயன்பாடு தெரிவிக்கப்பட்டதும், அதுவரை சிக்கனமாக இருந்த வீடுகள் கூடுதலாகச் செலவழிக்கத் தொடங்கின. "பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்" என்று புலம்பும் உங்கள் சுவரொட்டிகளும் அந்தத் தவற்றுக்கே ஆள் சேர்க்கக்கூடும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆதரவு திரளாதவரை "அனைவரும்" என்ற சொல்லை அறிக்கைகளிலிருந்து நீக்குங்கள். "நாங்கள் சிலர்தான், எங்கள் காரணங்கள் இவை" என்று சொல்வதில் இழுக்கில்லை. பொதுக்குழுவில் கைதூக்கச் சொல்லும் முன் ஒவ்வொருவரின் கருத்தையும் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். தீர்மானத்தை எதிர்த்த உறுப்பினரின் காரணங்களை, "ஒருமனதாக நிறைவேறியது" என்ற வழக்கமான வரியால் மூடிவிடாமல், நடவடிக்கைக் குறிப்பில் பதிவுசெய்யுங்கள். இவற்றில் எதற்கும் பணமோ ஆள்பலமோ தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் பலமுறை கைதூக்கிய உறுப்பினர் ஒருவர்