ஹட்டனில் இருந்து, மழையோடு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் காணோம் என்று திட்டியிருப்பாய். மழையும் விடவில்லை, ஆஸ்பத்திரி நைட் டியூட்டியும் விடவில்லை. பிள்ளைகள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

போன மாதத்து நைட் ஒன்றைச் சொல்லணும் மச்சான். பத்தரை மணிக்கு ஓட்டோவில் ஒரு பிள்ளையைக் கொண்டு வந்தார்கள். கொழும்பில் கார்மெண்ட் வேலையை விட்டுவிட்டு தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அம்மாவின் கால் எரிச்சலுக்குக் கிளினிக்கில் கொடுத்த அமிட்ரிப்டிலின் குளிசையை விழுங்கியிருந்தாள். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துதான் அது. இப்போது நரம்பு வலிக்கும் தலையிடிக்கும் கூட எழுதுகிறார்கள். அதனால் மனநோய் என்று யாருமே இல்லாத காம்பராவிலும் அது இருக்கும்.

பார்த்தால் அரைத் தூக்கத்தில் இருக்கிற மாதிரிதான். பயமெல்லாம் இதயத்துக்கு. ஈசீஜி காகிதத்தை லைட்டுக்குக் கீழே பிடித்துச் சின்னக் கட்டங்களை எண்ணினோம். நடுவில் எழும் கூர் அலை இரண்டரைக் கட்டத்துக்குள், அதாவது 100 மில்லி செக்கனுக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் வலிப்பு வரலாம். இன்னும் அகன்றால் துடிப்பே தாறுமாறாகும். இவளுக்கு மூன்று கட்டம். தனி முறிமருந்து கிடையாது. சோடியம் பைகார்பனேட்டை நரம்பில் ஏற்றுவோம். அப்பத்துக்குப் போடுகிற அதே சோடாதான். (வீட்டு வைத்தியம் என்று நினைத்துவிடாதே!)

ஐசியுவில் கட்டில் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டொக்டரும் நானும் அம்பியூலன்ஸில் ஏறினோம். கினிகத்தேனை வளைவுகளில் முன்னால் ஒன்றுமே தெரியாத பனி. மொனிட்டரைப் பார்ப்பதா, ரோட்டைப் பார்ப்பதா? அவ்வளவு நேரமும் வாட்டில் முப்பது பேருக்கு ஒரே ஒரு நர்ஸ் மிஸி.

விடியத் திரும்பி வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, "தானே விழுங்கினவளுக்கு இவ்வளவு செலவா?" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவன்தானே.

1995இல் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையில் போன நாடு இது. பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் என்ற களைக்கொல்லியும் நிறுத்தப்பட்டது. சாவு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. என் வாட்டுக்கு இப்போது குளிசை விழுங்கியவர்கள்தான் கூட வருகிறார்கள். கட்டில் நிறைகிறதென்றால் ஆள் உயிரோடு வந்து சேர்கிறது.

என்னை உறுத்துவது வேறு. பிள்ளை ஐசியுவில் இருந்து வாட்டுக்கு வந்த அன்றே, அம்மா கிளினிக் கொப்பியை நீட்டி ஒரு மாதத்துக்கு அதே குளிசையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்! யாரும் கேட்கவில்லை. நானும் தற்செயலாகத்தான் கண்டேன்.

கிழமைக் கணக்கில் கொடுக்கலாம் என்றார் டொக்டர். "ஒவ்வொரு கிழமையும் வந்தா ஒரு பேர், ஒரு நாள் சம்பளம் போயிடும் ஐயா" என்றார் அந்த அம்மா. சரிதானே, அவருக்கும் கணக்கு இருக்கு. கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே குளிசையை வைத்து, கிழமைக்குக் கிழமை எண்ணிக் கொடுக்க ஏற்பாடாயிற்று. பிள்ளையை மனநலக் கிளினிக்குக்கு எழுதினார்கள். அவள் கொப்பியின் உள்மட்டையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற நம்பரை நான் எழுதிவிட்டேன்.

போன சனிக்கிழமை டவுனில் பஸ்ஸுக்கு நின்றாள், அம்மாவோடு ஒரே குடைக்குள். என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

தீபாவளிக்கு வருகிறாயா? வந்தால் ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
ராஜு