படை வென்றும் போர் தோற்பது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்நாட்டில் எழுந்த எதிர்ப்பும் பத்திரிகைகளின் விமர்சனமுமே வல்லரசுகளைத் தோற்கடித்தன என்றும், அரசியல்வாதிகள் ராணுவத்தின் கையைக் கட்டிப் போடாமல் இருந்திருந்தால் வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானிலும் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றும் வாதிடும் கட்டுரையைத் தங்கள் நடுப்பக்கத்தில் படித்தேன். தோற்ற படைகளின் தளபதிகள் காலங்காலமாகச் சொல்லி வரும் வாதம் இது. சோவியத் யூனியனின் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் இது நிற்காது.

1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் படைக்குப் பின்னால் கேள்வி கேட்கும் பத்திரிகையும் இல்லை, தேர்தலை எண்ணி அஞ்ச வேண்டிய ஆட்சியும் இல்லை. ஆயினும் 1986 நவம்பரில் மாஸ்கோவில் கூடிய, கம்யூனிஸ்ட் கட்சியின் உச்ச அதிகாரக் குழுவான பொலிட்பீரோ கூட்டத்தில், முப்படைத் தலைமை அதிகாரியாக இருந்த மார்ஷல் அக்ரமெயேவ், அந்த நாட்டில் சோவியத் வீரன் கால் பதிக்காத இடமே இல்லை, அப்படியிருந்தும் நிலத்தின் பெரும்பகுதி கிளர்ச்சியாளர்கள் வசம்தான் இருக்கிறது என்று எடுத்துரைத்தார். ஓர் ஊரைப் பிடிப்பது படையின் வேலை. பிடித்த ஊரில் வரி வசூலித்து, வழக்குத் தீர்த்து, மக்கள் நம்பும்படி ஆள்வது அந்த மண்ணின் அரசு செய்ய வேண்டிய வேலை. அப்படி ஓர் அரசு இல்லாத இடத்தில் படை அதே ஊரை மீண்டும் மீண்டும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏறத்தாழ 15,000 வீரர்களை இழந்தபின் 1989 பிப்ரவரியில் சோவியத் படை எல்லையிலுள்ள ஆமு தரியா ஆற்றைக் கடந்து வெளியேறியது. அது காபூலில் விட்டுச் சென்ற, தனக்கு ஆதரவான அதிபர் நஜிபுல்லாவின் அரசோ, மாஸ்கோவின் பணமும் ஆயுதமும் நின்றுபோன பிறகு, 1992 ஏப்ரலில் வீழ்ந்தது. இருபதாண்டு அமெரிக்க ஆதரவில் வளர்ந்த காபூல் அரசு அந்த அளவுக்குக்கூடத் தாங்கவில்லை. காகிதத்தில் 3 லட்சம் பேர் கொண்டிருந்த அதன் படை, விமானங்களைப் பழுதுபார்க்கவே வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்களை நம்பியிருந்தது. 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபான்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அந்த அரசுக்கு இடமே தரப்படவில்லை. கடைசி அமெரிக்க வீரன் கிளம்பும் முன்பே, 2021 ஆகஸ்ட் 15 அன்று, காபூல் கைமாறிவிட்டது.

வியட்நாமைப் பொறுத்தவரை, ராணுவத்தின் கையைக் கட்டியவர்கள் யார் என்று தேடுவதைவிட, அந்தப் போர் எதற்காக நடத்தப்பட்டது என்று கேட்பதே பயன் தரும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில் எழுதிய உள்குறிப்பு ஒன்று, வியட்நாம் போர் பற்றிய அத்துறையின் ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்கள் 1971இல் வெளியானபோது வெளிச்சத்துக்கு வந்தது. போரின் நோக்கங்களை அவர் அதில் விழுக்காடாகவே பிரித்து எழுதியிருந்தார்: அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பதற்கு 70, தென்வியட்நாமைச் சீனாவின் கைக்குப் போகாமல் காப்பதற்கு 20, அங்குள்ள மக்கள் மேம்பட்ட சுதந்திர வாழ்வு பெறுவதற்கு 10. அமெரிக்காவின் முதல் தரைப்போர்ப் படைகள் தென்வியட்நாமின் டானாங் நகரில் இறங்கிய அதே மாதத்தில் எழுதப்பட்ட குறிப்பு இது என்பதைக் கவனிக்க வேண்டும். போர் சரியாகத் தொடங்கும் முன்பே, அதன் தலையாய நோக்கம் தோற்றதாகத் தெரியாமல் இருப்பது என்றாகிவிட்டது. எதிர்த்தரப்பான வடவியட்நாம் போரிட்டதோ தன் நாட்டை ஒன்றாக்குவதற்காக. கௌரவத்துக்காகப் போரிடுபவர் என்றாவது ஒருநாள் வீட்டுக்குப் போகலாம். அந்த மண்ணில் பிறந்தவருக்குப் போக வேறு இடமில்லை.

கிளார்க் கிளிஃபோர்ட் 1968 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானபோது, சுமார் 5 லட்சம் வீரர்கள் ஏற்கெனவே வியட்நாமில் இருந்தனர். மேலும் 2,06,000 பேர் வேண்டும் என்று ராணுவம் கேட்டிருந்தது. இவர்கள் போதுமா, இல்லையென்றால் இன்னும் எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு காலம் ஆகும், வெற்றிக்கான திட்டம் என்ன என்று அவர் தளபதிகளைக் கேட்டார். எதற்கும் தெளிவான பதில் வரவில்லை. கேட்டவர் போர் எதிர்ப்பாளர் அல்ல, அதுவரை போரை ஆதரித்தவர் என்பதைக் கட்டுரையாளருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அதற்குப் பிறகும் கௌரவத்தைக் காப்பாற்றும் பொருட்டுப் போர் நீண்டது. உயிரிழந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த மாதத்துக்குப் பின்னரே மடிந்தார்கள். மடிந்த வியட்நாமியரின் எண்ணிக்கை இதைப்போல் பல மடங்கு.

எளியவர்கள் மன உறுதி ஒன்றாலேயே வென்றார்கள் என்று இதற்கு எதிர்முனையில் நின்று சொல்லப்படும் கதையையும் நான் ஏற்கவில்லை. வடவியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குச் சோவியத், சீன ஆயுதங்கள் வந்தன. சோவியத் படையை எதிர்த்த ஆப்கன் கிளர்ச்சியாளர்களான முஜாகிதீன்களுக்கு அமெரிக்க ஆயுதங்களும் பாகிஸ்தானில் புகலிடமும் கிடைத்தன. ஆனால் வெளியுதவியை அடைத்தாலே வென்றுவிடலாம் என்பதும் சரியல்ல. தான் ஆண்டுவந்த அல்ஜீரியாவில் விடுதலைக் கிளர்ச்சியை அடக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை நிறுத்திய பிரான்ஸ், 1957இல் துனீசிய எல்லையில் மின்வேலி போட்டுக் கிளர்ச்சியாளர்களின் வழியை அடைத்தது; தலைநகர் அல்ஜியர்ஸில் அவர்களது அமைப்பையும் நொறுக்கியது. இருந்தும் 1962இல் அந்த நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே சித்திரவதையால் பெற்ற தகவல்கள் சில குண்டுவெடிப்புகளைத் தடுத்திருக்கலாம். பிரெஞ்சு ஆட்சியை ஏற்கும்படி எந்த அல்ஜீரியரையும் அது மாற்றவில்லை.

கட்டுரையாளர் தம் வாதத்துக்குச் சான்றாக 1991 வளைகுடாப் போரைக் காட்டுகிறார். அந்தச் சான்று அவருக்கு எதிராகவே பேசுகிறது. குவைத்திலிருந்து இராக் படையை வெளியேற்றுவது என்ற ஒரே நோக்கம் வரையறுக்கப்பட்டிருந்தது. தரைப்போர் 100 மணி நேரத்தில் நிறுத்தப்பட்டது. மீட்கப்பட்ட நாட்டில் ஆட்சியேற்க அதன் பழைய அரசு காத்திருந்தது. 2003இல் அதே எதிரியை அதே அமெரிக்க ராணுவம் முன்னைவிட எளிதாகவே வீழ்த்தியது. இம்முறை நோக்கம் ஒரு நாட்டையே மாற்றி அமைப்பது. பாக்தாத் வீழ்ந்த மறுமாதமே இராக் ராணுவத்தைக் கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோரை வேலையின்றித் தெருவில் விட்டவர்கள், எட்டாண்டு தங்கி 2011இல் வெளியேறி, 2014இல் மீண்டும் அங்கே படை அனுப்பினார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்